50 கி.மீ. தாண்டினால் கை மரத்துப்போகிறது: கார்பன் எண்டூரன்ஸ் சைக்கிளுக்கு மாறலாமா?

எதிர்க்காற்று:
ஆறு வருடமாக ஓர் அலுமினியம் ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறேன். வயது 44, எடை 78 கிலோ. டயர் 25 மி.மீ., காற்று 110 பிஎஸ்ஐ. முதல் 50 கி.மீ. வரை ஒரு தொந்தரவும் இல்லை. அதற்குப் பிறகு உள்ளங்கை மரத்துவிடுகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது. கடைசி ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து, எப்படியோ வீடு வந்து சேர்கிறேன். கார்பன் எண்டூரன்ஸ் சைக்கிள் (நீண்ட தூரத்துக்கென்று முன்பக்கம் உயர்த்திச் செய்த ரகம்) வாங்கினால் இது தீருமா? கூட ஓட்டுகிறவர்கள் "அது ஈசிசேர், வேகம் போய்விடும்" என்று பயமுறுத்துகிறார்கள். எனக்கு உடம்பு வலியும் வேண்டாம், 30 கி.மீ. சராசரியை விடவும் மனசில்லை.

சங்கிலிக்கறை:
வாங்குவதற்கு முன் ஒரு வேலை. 110 எதற்கு? டயர் கல் மாதிரி இருந்தால்தான் வேகம் என்பது பழைய நம்பிக்கை. வழவழப்பான தளத்தில் அது ஓரளவு சரி. சொரசொரப்பான சாலையில் டயர் அமுங்காது. அதற்குப் பதில் சைக்கிளும் நீங்களும் சேர்ந்து எகிறுகிறீர்கள். மிதித்த சக்தியில் ஒரு பங்கு உங்கள் உடம்பின் அதிர்விலேயே கரைந்துபோகிறது. பின்னால் 85, முன்னால் 80 வைத்து அதே பாதையில் ஒரு முறை போய்வாருங்கள். ஃப்ரேமைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மூன்றாம்கியர்:
டயர் சரி, ஆனால் கழுத்துக்கு டயர் என்ன செய்யும்? உங்கள் ஃப்ரேமின் ஸ்டாக், ரீச் இரண்டையும் போடுங்கள். பெடல் அச்சின் மையத்திலிருந்து ஹெட் ட்யூப் (ஃப்ரேமின் முன்குழாய்) உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலே உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் உள்ளங்கையில் வந்து உட்காரும்.

எதிர்க்காற்று:
சீட் மட்டமாகத்தான் இருக்கிறது. ஸ்டாக் 545 மி.மீ., ரீச் 388 மி.மீ. நேற்று 85/80 வைத்து 70 கி.மீ. போனேன். கை மரத்தது 65-ல்தான். கழுத்து அப்படியேதான் இருக்கிறது. ஆச்சரியம், சராசரி வேகம் குறையவே இல்லை.

மூன்றாம்கியர்:
545-ஐ 388-ஆல் வகுத்தால் 1.40. பந்தயத்துக்கென்றே செய்த ஸ்பெஷலைஸ்ட் டார்மாக் எஸ்எல்7-இல் 56 அளவு ஃப்ரேமுக்கு ஸ்டாக் 565, ரீச் 395; அதாவது 1.43. சின்ன அளவுகளில் இந்த விகிதம் இயல்பாகவே கொஞ்சம் குறையும், அதனால் ஒரே அளவோடுதான் ஒப்பிட வேண்டும். இருந்தாலும் உங்களுடையது நன்றாகவே குனிய வைக்கும் ஃப்ரேம். எண்டூரன்ஸ் ரகத்தில் 1.5-ஐ ஒட்டி வரும். உங்களுக்கு ஸ்டாக் 580, ரீச் 380 பக்கத்தில் தேடுங்கள்.

பழையஇரும்பு:
இதற்கு ஒரு புது சைக்கிளா? ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைத் திருப்பிப் போட்டு, அடியில் நாலு ஸ்பேசர் வளையம் வைத்தால் வேலை முடிந்தது.

மூன்றாம்கியர்:
இன்னும் 10 மி.மீ. போதும் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஹெட் ட்யூப் சாய்வு 73 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஸ்பேசரால் 10 மி.மீ. ஏற்றும்போது ஹேண்டில்பார் 3 மி.மீ. பின்னாலும் வரும். இவருக்கு 35 வேண்டும். ஸ்டியரர் (ஸ்டெம் மாட்டும் ஃபோர்க் குழாய்) கார்பன் என்றால் எத்தனை ஸ்பேசர் வைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கையேட்டைப் பார்க்காமல் அடுக்கக்கூடாது.

சங்கிலிக்கறை:
ஈசிசேர் கதைக்கு வருகிறேன். கல் பாவிய சாலைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தை 2013-இல் ஃபேபியன் கான்செல்லாரா மணிக்கு 44 கி.மீ. சராசரியில் வென்றார். ஓட்டியது ட்ரெக் டோமானே, எண்டூரன்ஸ் ஃப்ரேம்தான்.

பழையஇரும்பு:
அவர் ஓட்டியது முன்பக்கம் தாழ்ந்த தனி வடிவம். கடையில் பெரும்பாலோர் வாங்கியது உயரமான முன்பக்கம் உள்ளது. கான்செல்லாராவை இங்கே இழுக்காதீர்கள்.

சங்கிலிக்கறை:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். சமதளத்தில் 30 கி.மீ. வேகத்தில் எதிர்ப்பில் பெரும்பங்கு காற்று; அதில் பெரும்பங்கு ஓட்டுகிறவரின் உடம்பு. தாழ்ந்த சைக்கிளில் கடைசி ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த ரேஸ் வடிவத்தால் என்ன லாபம்? 35 மி.மீ. உயர்ந்த சைக்கிளில் முழங்கையை மடித்து ஹூட்டை (பிரேக் லீவரின் மேல்பிடியை) பிடித்தபடி கடைசி வரை குனிந்திருக்க முடிந்தால், அதுதான் உங்களுக்கு வேகமான சைக்கிள்.

எதிர்க்காற்று:
புரிகிறது. எந்த மாடல் என்பதில்தான் குழப்பம். ஒன்றில் ஸ்டெம்முக்கு அடியில் ஸ்பிரிங், இன்னொன்றில் சீட் ட்யூப் வளைகிறதாம்.

மூன்றாம்கியர்:
அந்த ஸ்பிரிங், ஸ்பெஷலைஸ்டின் ரூபே மாடலில் இருக்கும் ஃப்யூச்சர் ஷாக்; 20 மி.மீ. அசையும், கைக்குத்தான் பலன். சீட் ட்யூப் வளைவது டோமானேயின் ஐசோஸ்பீட்; அது முதுகுக்கும் இடுப்புக்கும். ஜெயன்ட் டிஃபையில் D வடிவ சீட்போஸ்ட் தானே வளைந்துகொடுக்கும். கழன்று தேயும் பாகம் எதுவும் இல்லை, அதனால் எனக்குப் பிடிக்கும். ஆனால் இவையெல்லாம் இரண்டாம் பட்சம். ஃப்ரேமில் 32 மி.மீ. டயர் தாராளமாக நுழைய வேண்டும், அதை முதலில் பாருங்கள். டோமானே 38 வரை ஏற்கும். கியர் முன்னால் 50/34 பல், பின்னால் 11–34 பல் இருந்தால் மேட்டில் முழங்கால் பிழைக்கும். எடையில் அரைக் கிலோ வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எதிர்க்காற்று:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். இரண்டு சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டிப்பார்த்தேன். ஸ்பிரிங் உள்ளது இதமாக இருந்தது, ஆனால் எழுந்து நின்று மிதிக்கும்போது கைக்கடியில் லேசாக ஆடுவது பிடிக்கவில்லை. ஸ்பிரிங் இல்லாத மற்றதில் ஸ்டாக் 578, ரீச் 379, 90 கி.மீ. போனேன், கழுத்து இருப்பதே தெரியவில்லை. கை 80-க்கு மேல் லேசாக விறுவிறுத்தது, அவ்வளவுதான். சராசரி 30.4. அதையே எடுக்கிறேன். 32 மி.மீ. டயர், ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் உள்விளிம்பு கொக்கி இல்லாதது). காற்று எவ்வளவு?

சங்கிலிக்கறை:
ஹூக்லெஸ் என்றால் 5 பாருக்கு மேல் போகவே கூடாது, அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ. டயரும் அந்த ரிம்முக்கு ஏற்றது என்று பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். உங்கள் எடைக்குப் பின்னால் 58, முன்னால் 55-இல் ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் இரண்டு இரண்டாக இறக்கிப் பாருங்கள். பள்ளத்தில் ரிம் தட்டும் சத்தம் கேட்டால் மூன்று ஏற்றுங்கள்.