தோழியோடு கம்பளி பின்னிய வார இறுதி: இன்னும் உறுத்துகிற ஒரு விஷயம் இருந்தால் சொல்லுங்கள்

மலைக்காரி

குன்னூர் நவம்பர் மழை தெரியுமே, மலை ரயிலையே நிறுத்திவிடுவார்கள், துவைத்த துணி வாரக்கணக்கில் காயாது. அப்படி ஒரு சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து தோழி வந்திருந்தாள். ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் நாள் முழுக்கப் பின்னல்தான். அவள் ஏதோ மஃப்ளர், நான் அண்ணன் பையனுக்கு ஸ்வெட்டர். முன்பக்கம், முதுகு, ஒரு கை எல்லாம் முடிந்து இரண்டாவது கை முக்கால்வாசி வந்திருந்தது. ராத்திரி எனக்குக் கண் சொக்கிவிட்டது. "நீ போய்ப் படு, நான் கொஞ்சம் போட்டுவிட்டு வர்றேன்" என்றாள், சரி என்று போய்விட்டேன்.

காலையில் காபியோடு ஹாலுக்கு வந்தால் ஊசியில் ஸ்வெட்டர் கை இருக்கிறது, ஆனால் அது நான் பின்னியது இல்லை. மொத்தத்தையும் பிரித்துவிட்டு மறுபடி அடியிலிருந்து போட்டிருக்கிறாள், ராத்திரி தூங்கவே இல்லை. டீப்பாய் மேல் பிரித்த நூல் கொஞ்சம் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடந்தது. "ஒரு கண்ணி இறுக்கம், ஒரு கண்ணி லூஸு, பார்க்கவே முடியலைடி, அதான்" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்கிறாள்.

அவள் போட்டது அவ்வளவு அழகு, அதுதான் பிரச்சினையே. பையனுக்கு என்ன தெரியும், ஜாலியாகப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறான். நான்தான் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடது கையையே பார்க்கிறேன். அவளிடம் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பத்தாம் நம்பர் ஊசி

தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்து பின்னித் தந்திருக்கிறாள், அந்தத் தோழியைப் போய்க் குறை சொல்கிறீர்களே. எனக்கும் ஒன்று உண்டு. நியூ ஜெர்சியிலிருந்து லீவில் வந்த தோழியும் நானும் ஒரே வீடியோவைப் பார்த்து ஒரே மாதிரிக் குல்லா போட்டோம், இரண்டு பேர் கையிலும் எட்டாம் நம்பர் ஊசி. அவள் குல்லா அவள் தலைக்குக் கச்சிதம், என்னுடையது அவள் மகள் தலையில்கூட ஏறவில்லை. அந்தக் குழந்தை அதை எடுத்துப் பொம்மைக்கு மாட்டிவிட்டு எல்லோரிடமும் காட்டிக்கொண்டே திரிந்தது, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

விஷயம் என்னவென்றால் நம் கடைகளில் கிடைக்கிற ஊசிக்குப் பழைய பிரிட்டிஷ் நம்பர். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். எட்டு என்றால் 4 மி.மீ., பத்து 3.25, பன்னிரண்டு 2.75. அமெரிக்க நம்பர் நேர் தலைகீழ், அங்கே எட்டு 5 மி.மீ., பத்து 6 மி.மீ. அதனால் நம்பரைப் பார்க்காதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். எந்த வேலை ஆரம்பித்தாலும் முதலில் 10 செ.மீ. சதுரம் ஒன்று போட்டு, அதற்குள் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். மலைக்காரி, உங்கள் கண்ணி இறுக்கமும் லூஸுமாக வருவதற்குக் காரணம் அநேகமாக பர்ல், அதாவது பின்பக்கத்திலிருந்து போடுகிற வரிசைதான், நிறையப் பேருக்கு முன்பக்கத்து நிட் வரிசையைவிட பர்ல் தளர்வாக விழும். பர்லுக்கு மட்டும் ஒரு நம்பர் மெலிந்த ஊசி எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, கொஞ்ச வரிசைக்கு ஒரு தடவை வேறு கலர் தையல் நூலைக் கண்ணிகளுக்குள் ஊசியால் கோத்து விட்டுவிடுங்கள், எங்கே பிரித்தாலும் அந்த வரிசையோடு நின்றுவிடும்.

அடையாறு அக்கா

அவங்க ஊசி நம்பரா கேட்டாங்க? கேட்காமல் அடுத்தவர் வேலையைப் பிரிக்கிறது தப்பு, நட்பு இருந்தாலும் தப்புதான். எவ்வளவு அழகாகத் திரும்பப் போட்டாலும் தப்புதான்.

என்னுடையது வேறு மாதிரி. கல்லூரித் தோழி, பல வருஷம் கழித்து என் வீட்டுக்கு வந்து சனி ஞாயிறு தங்கினாள். பால்கனியில் உட்கார்ந்து ஆளுக்கொரு சால்வை. பேச்சு எங்கெங்கோ போனது, பழைய ஹாஸ்டல், மெஸ் சாம்பார், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று. திடீரென்று வரிசைக்கு நடுவில், கண்ணை ஊசியிலிருந்து எடுக்காமலே, "நான் அந்த வீட்டை விட்டு வந்துட்டேன், இனிமேல் போகப்போறதில்லை" என்கிறாள். நான் பின்னலை மடியில் வைக்கப் போனேன். "வைக்காதே, நீ பின்னிக்கிட்டே இரு. நீ என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச வராது" என்றாள். அவ்வளவு நேரமும் நான் ஏதோ ஊசியை ஆட்டிக்கொண்டிருந்தேன், கண்ணி விழுந்து ஏணி மாதிரி கீழே வரை இறங்கியது, எடுக்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "சரி, குரோஷா ஊசி இருந்தால் குடு, உன் கண்ணியை எடுத்துத் தர்றேன்" என்றாள்.

என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

தெக்கத்திப் பேத்தி

எங்கள் நாகர்கோவில் பக்கம் இது கம்பளி இல்லை, லேஸ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் ஆரம்பித்து வைத்த வேலை, அவர் மகள் எலைசாதான் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போய் அங்கேயும் லேஸ் கற்றுக்கொடுத்தார். எங்கள் ஆச்சிக்கு ஒரு கூட்டுக்காரி உண்டு. திண்ணையில் இரண்டு லேஸ் தலையணை, அதில் குண்டூசிகள், நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்குச்சிகள் டக் டக் என்று மோதிக்கொண்டே இருக்கும். அந்த ஆச்சி தப்பு போட்டால் எங்கள் ஆச்சி கையை நீட்டவே மாட்டாள், தன் குச்சிகளை அப்படியே நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பாள். சத்தம் நின்றதும் கூட்டுக்காரி தன் தலையணையைக் குனிந்து பார்ப்பாள், தப்பு எங்கே என்று தானே கண்டுபிடிப்பாள், ஒரு வார்த்தை கிடையாது. மலைக்காரியின் தோழிக்கு இதைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

ஒற்றை ஊசி

லேஸும் நிட்டிங்கும் ஒன்றா? தலையணையில் குச்சியை மாற்றி மாற்றிப் போடுவது வேறு, ஊசியில் கண்ணி ஏற்றுவது வேறு. அப்புறம், சென்னையில் 2016இல் கின்னஸ் சாதனை செய்தார்களே, 11,148.5 சதுர மீட்டர் போர்வை, அது குரோஷா, ஒரே கொக்கி ஊசியால் போடுவது. அதில் பல பேர் போட்ட துண்டுகளை இணைத்தார்கள், ஒருத்தர் கண்ணி மாதிரி இன்னொருத்தர் கண்ணி இருக்காது, யாரும் எதையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கவில்லை.

என் அனுபவம் சின்னது. நான் ஆண், நண்பனும் ஆண், பெங்களூரு லால்பாகில் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து பின்னுவோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள், போட்டோகூட எடுப்பார்கள், பழகிவிட்டது. ஒரு பெரியவர் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையை நீட்டி ஊசியைக் கேட்டார். தந்தேன். கீழே பார்க்காமல், எதிரே ஓடுகிற பையன்களைப் பார்த்துக்கொண்டே மடமடவென்று போட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் யாரோ கூப்பிட எழுந்து போய்விட்டார். அவர் போட்ட வரிசைகள் நான் அன்றைக்குப் பின்னிய போர்வையில் அப்படியே இருக்கின்றன.

பத்தாம் நம்பர் ஊசி

அடையாறு அக்கா, கேட்காமல் சொல்வதும் ஒரு உதவிதான். மலைக்காரிக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முழுக்க ஆட்டுக்கம்பளி நூலாக இருந்தால் ஒரு தரம் அலசிச் சமமாகப் பரப்பிக் காயவைத்தாலே கண்ணி மேடுபள்ளம் பாதி அடங்கிவிடும், அந்தத் தோழி பிரித்திருக்கவே வேண்டாம். கொதிக்கிற தண்ணீர் மட்டும் வேண்டாம், சுருங்கிக் கெட்டியாகிவிடும். கடையில் உல்லன் என்று கொடுப்பதில் நிறைய அக்ரிலிக்தான், லேபிளைப் பாருங்கள். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், பட்ட இடம் உருகித் தொய்ந்துவிடும், பிறகு பிரித்தாலும் சரி வராது.

அடையாறு அக்கா

இதையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த அலசுகிற விஷயம், குளிர்ந்த தண்ணீரா, வெதுவெதுப்பா?