ஹ்ருதய கமலம் போட்டால் மனசு நிற்குமா? போடுகிறவர்களின் அனுபவப் பகிர்வு

மாடவீதி:
தூக்கம் வராதவர்களும், சாமி முன்னால் உட்கார்ந்தும் மனம் அலைகிறவர்களும் கேட்கிற முதல் கோலம் ஹ்ருதய கமலம்தான். நடுவிலிருந்து எட்டு வரிசைப் புள்ளியில் ஒரே இழையாக விரிகிற தாமரைக் கோலம் இது. முதலில் புள்ளியைச் சரியாக வையுங்கள். நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு திசைக்கும் ஐந்தைந்து புள்ளி, பிறகு நான்கு மூலைக்கும் ஐந்தைந்து. திசைகளை முடித்துவிட்டுத்தான் மூலைக்குப் போக வேண்டும். வட்டமாகச் சுற்றிக்கொண்டே வைத்தால் எட்டாவது வரிசைக்கு இடம் போதாது, தாமரை ஒரு பக்கம் நசுங்கிவிடும். புள்ளிக்குப் புள்ளி இரண்டு விரல் இடைவெளி போதும்.

ஒவ்வொரு வரிசையிலும் புள்ளிகளை உள்ளிருந்து வெளியே 1 முதல் 5 வரை எண்ணிக்கொள்ளுங்கள். நடுப்புள்ளி கணக்கில் சேராது. முதல் வரிசையின் 1, பக்கத்து வரிசையின் 3, அதற்கடுத்ததில் 5, பிறகு 2, பிறகு 4, மறுபடி 1 என்று இழையால் இணையுங்கள். வரிசை மாற மாற இதே 1-3-5-2-4. வலப்பக்கமாகவே சுற்றுங்கள். ஐந்து சுற்றில் நாற்பது புள்ளியும் தீர்ந்து, இழை ஆரம்பித்த இடத்திலேயே வந்து சேரும்.

வழி தவறிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு சுற்றும் முதல் வரிசைக்குத் திரும்பும்போது 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்காகத்தான் தொடங்கும். இரண்டாவது சுற்று 2-இல் தொடங்கவில்லை என்றால் எட்டு கோட்டுக்குள் எங்கோ பிசகு. அதை மட்டும் துடைத்தால் போதும், முழுக்க அழிக்க வேண்டாம். வாயால் எண்ணிக்கொண்டே போடுவது நல்லது. ஸ்லோகம் தெரிந்தவர்கள் அதைச் சொல்லிக்கொண்டு போடுவார்கள். ஆனால் எண்ணும் ஸ்லோகமும் ஒரே நேரத்தில் வராது. கை பழகும்வரை எண்ணே மந்திரம்.

தாம்பரம் கணக்கு:
மாடவீதி அக்கா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். எட்டுக்கும் ஐந்துக்கும் பொது வகுத்தி 1 தான், அதனால்தான் ஒரே இழை எல்லாப் புள்ளியையும் தொடுகிறது. பெரிதாகப் போடலாமே என்று பத்து வரிசை வைத்தால் பத்தாவது கோட்டிலேயே இழை மூடிக்கொள்ளும், முக்கால்வாசிக்கு மேல் புள்ளி அநாதையாக நிற்கும்.

சதுரச் சிக்குக்கோலத்துக்கும் இதே கணக்கு. நேர்ப்புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சாய்வாகப் பின்னிப் போகிற சாதாரண கம்பிக்கோலத்தில் 3க்கு 4 (மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி) என்றால் ஒரே இழை. 4க்கு 4 என்றால் நான்கு தனி இழை. 4க்கு 6 என்றால் இரண்டு. கை எடுக்காமல் போட வேண்டும் என்பவர்கள் 3க்கு 4, 4க்கு 5 என்று 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாத எண்களாக எடுக்க வேண்டும். மனசு அடங்க வேண்டும் என்று வருகிறவருக்கு 4க்கு 4 கொடுத்தால், இழை பாதியில் மூடிக்கொண்டு "எனக்கு வரவில்லை" என்று எழுந்துவிடுவார். அவர் மேல் தப்பே இல்லை.

கோலத்தை வெறும் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு: இங்கே தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி என்பவர், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974லேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதி ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

மூணாவது மாடி:
கணக்கு சரி, மாவு சரியில்லாவிட்டால் எல்லாம் வீண். கடையில் வாங்கும் இடியாப்ப மாவில் கோலம் வராது. அது நைசு, விரலில் ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக விழும். பச்சரிசியைக் களைந்து நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் பொடி ரவைப் பதத்துக்குத் திரித்துச் சலியுங்கள். வெறும் அரிசி மாவு தரையில் எடுப்பாகத் தெரியாது என்பதால் மூன்று பங்கு கல்மாவுக்கு (கல்லைப் பொடித்த வெள்ளைக் கோலமாவு) ஒரு பங்கு அரிசி மாவு கலக்கலாம். எறும்புக்கும் ஒரு பங்கு போன மாதிரி இருக்கும். அடுக்குமாடி நடைபாதையில் மட்டும் கல்மாவோடு நிறுத்துங்கள், எறும்பு எதிர்வீட்டுக்கும் போகும், சண்டை வரும்.

சென்னைக் காற்றின் ஈரத்தில் டப்பா மாவு நமுத்துவிடும். ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்தால் மறுபடி உதிரும். சிமென்ட் தரை ஈரமாக இருந்தால் மாவு பிடிக்கும். டைல்ஸில் அதே அளவு தண்ணீர் நின்றால் இழை கரைந்து பரவும். துடைத்துவிட்டு, கால் வைத்தால் தடம் லேசாகத் தெரிகிற ஈரத்தில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம்.

பிடி: கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிக்கும் நடுவே ஒரு சிட்டிகை, தரையிலிருந்து அரை அங்குல உயரம். உயரம் கூடினால் இழை தடிக்கும். வளைவில் நின்று யோசித்தால் அங்கே மாவு குவியும். யோசிப்பதாக இருந்தால் இழைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நில்லுங்கள், குவிந்தாலும் தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுகிறவர்களுக்குத்தான் வளைவு உடைகிறது. வளைவில் மூச்சை விடுங்கள், கை தானாக ஓடும்.

உருளை, அச்சுத்தட்டு எல்லாம் அவசர நாளுக்குச் சரி. மனசை நிறுத்துகிற விஷயத்துக்கு அவை உதவாது.

பெரம்பூர் பாட்டி:
முழங்கால் மடங்காதவர்களுக்கு மணைப்பலகை போதும். பலகையை மேசை மேல் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து போடலாம். பலகைக்கு உலர்ந்த மாவு நிற்காது, மாக்கோலம்தான் வேண்டும். அரை டம்ளர் பச்சரிசி, இரண்டு மணி நேரம் ஊறல், வெண்ணெய் போல அரைத்து மோர்ப் பதத்துக்குக் கரைக்க வேண்டும். சின்னத் துணித்துண்டை அதில் நனைத்து உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால் மோதிரவிரல் வழியாக இழை இறங்கும். போடும்போது வெளிறித்தான் இருக்கும், காய்ந்தால்தான் வெள்ளை எழும்பும். தெரியவில்லையே என்று மேலே இன்னொரு இழை இழுத்தால், காய்ந்தபிறகு வெடித்து உரியும். ஓரத்துக்குக் காவி இடும்போது கவனம். வெள்ளை டைல்ஸில் அந்தக் கறை லேசில் போகாது.

கீழ்ப்பாக்கம்:
துக்கம் தாளாதவர்களுக்குக் கோலம் சொல்லும்போது வீட்டு வழக்கத்தையும் பாருங்கள். சாவு நடந்த வீட்டில் காரியம் முடியும்வரை வாசலில் கோலம் இல்லை. அந்த நாட்களில் ஆறுதலுக்கென்று தரையில் போடச் சொன்னால் பெரியவர்கள் மனம் நோகும். காகிதத்தில் பென்சிலால் 3க்கு 4 போடலாம், அதற்கு யாரும் தடை சொல்வதில்லை. காரியம் முடிந்து வாசலில் மறுபடி போடும் முதல் கோலம் சின்னதாக இருக்கட்டும். அன்றைக்கே பெரிய சிக்கு எடுத்து, கை நடுங்கி, பாதியில் விடுகிறார்கள். விட்ட கோலம் நாள் முழுக்க வாசலில் கண்ணை உறுத்தும்.

இன்னொன்று. வாரக்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை, சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் கோலத்தை நீட்டாதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இங்கே அரசு மனநல மருத்துவமனையிலேயே புறநோயாளிப் பிரிவு உண்டு. கோலம் மருந்தோடு கூட நடக்கலாம், மருந்துக்குப் பதில் ஆகாது.

மாடவீதி:
சரியாகச் சொன்னீர்கள். பழைய கோலத்தைப் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். நன்றாக வந்த ஹ்ருதய கமலத்தை அழிக்க மனம் வராமல் அதன் மேலேயே அடுத்த நாளும் போட்டுவிடுகிறார்கள். பழைய இழையின் மேடு புது மாவைத் தள்ளிவிடும், இழை இரட்டையாகத் தெரியும். காலையில் ஈரத்துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து எடுத்துவிட்டு, புள்ளியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.