பொருள்: ‘டிஸ்கரேஜ்டு’ முறைக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்குள் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான லினக்ஸ் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பைதான் பாடத்தில் ஒரு தலைப்பு மட்டும் பாக்கி. டெபியன் 12 (2023) என்னும் லினக்ஸ் பதிப்புள்ள கணினியில், பைதான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் கொண்டு நேரடியாக எதையாவது நிறுவப் போனால், ‘இந்தச் சூழலை இயங்குதளம் பராமரிக்கிறது’ என்று மறுத்துவிடும்; வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (இயங்குதளத்தின் பைதானைத் தொடாத தனிச் சூழல்) அமைத்துக்கொள்ளச் சொல்லும். அதே செய்தியின் கடைசியில், இயங்குதளம் கெட்டாலும் கெடட்டும் என்பவர்களுக்கு ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற விருப்பத்தையும் காட்டும். வேலை செய்யும், ஆனால் செய்யாதே என்கிற இந்த வகைக்கு என்ன பெயர்? ‘ஊக்குவிக்கப்படாத’ என்பது வாயில் வரவில்லை.
ந.

---

ந. ஐயா,

அந்த விருப்பத்தையே கையேட்டில் போடாதீர்கள். ஆய்வகக் கணினிகளைப் பராமரிப்பவள் என்பதால் சொல்கிறேன். ரூட்டாக, அதாவது முழு உரிமையுள்ள பயனராக, பிப் ஓட்டினால் கோப்புகள் யூஎஸ்ஆர்-லோக்கல் என்ற கோப்புறையின் அடியில் போய் உட்காரும். பைதான் அங்கேதான் முதலில் தேடும். டெபியனின் சொந்தக் கருவியான ஆப்ட் நிறுவிய பதிப்பு கண்ணில் படாது. ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ் மாதிரி பைதானில் எழுதிய கருவிகள் தமக்குரிய பதிப்பு கிடைக்காமல் விழும். பிறகு யார் சரிசெய்வது?
ம.

---

ம. அம்மா, எழுதாவிட்டால் மாணவர் அறியமாட்டாரா? பிழைச்செய்தியே சொல்லிக்கொடுக்கிறதே! வலையில் தேடினாலும் அந்த ஒற்றை வரிதான் கிடைக்கும். நீங்கள் மேலே எழுதிய காரணம் கிடைக்காது. அந்தக் காரணத்தை அப்படியே கையேட்டில் போடுங்கள். ஒருமுறை ஓட்டித் தூக்கியெறியும் கண்டெய்னருக்குள் (கணினியின் மற்ற பகுதியிலிருந்து பிரித்த தனிச்சூழல்) இந்த விருப்பத்தால் பெரிய கேடில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். இணையத் தரநிலை ஆவணங்களின் சொற்களை வரையறுக்க 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119, ‘பரிந்துரைக்கப்படாதது’ என்பதைத் தக்க காரணம் இருந்தால், விளைவை முழுக்க உணர்ந்து செய்யலாம் என்றே வரையறுக்கிறது. விளைவை எழுதாமல் எப்படி உணர்வது?

சொல்லைப் பொறுத்தவரை, ‘டெப்ரிகேட்டட்’ உடன் இதைக் குழப்பக் கூடாது. இணையப் படிவங்களைக் கையாளும் பைதானின் சிஜிஐ கூறு 3.11ஆம் பதிப்பில் அப்படி அறிவிக்கப்பட்டு 3.13இல் நீக்கப்பட்டது. அது ‘கைவிடவுள்ளது’. இதைக் கைவிடப்போவதில்லை.
செ.

---

அன்பர்களே,

‘கடிவழக்கு’ என்க. ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் பத்துப் பொருள் சொல்லி, ஐயமும் கரிப்பும் பின்னே சேர்க்கிறார். முதற்பொருள் வரைவு, அதாவது விலக்கு. அதே பட்டியலில் பின்னே வரும் காப்பையும் அச்சத்தையும் பாருங்கள்: விலக்கப்பட்டது, காவலுக்குரியது, அஞ்சத்தக்கது. மூன்றும் இந்த விருப்பத்துக்குப் பொருந்துகின்றன. பகைவர் தொடாதபடி காத்த மரம் கடிமரம். வள்ளுவர் வினைத்தூய்மையில் இதையே சொன்னார்:

கடிந்த கடிந்தொரார் செய்தார்க்கு அவைதாம்
முடிந்தாலும் பீழை தரும்.

விலக்கியதை விலக்காமல் செய்தால், அது முடிந்தாலும் பீழை, அதாவது துன்பம் தரும். ‘முடிந்தாலும்’ என்பதைக் கவனியுங்கள். நிறுவல் வெற்றி என்று திரை காட்டும்; பீழை பிறகு வரும். இதைவிடப் பொருத்தமான வேர் எங்கே கிடைக்கும்? ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ (காலத்துக்கேற்ப வரும் சொல்லில் விலக்கத்தக்கது இல்லை) என்ற நூற்பாவையும் சேர்த்துப் பார்த்தால்...
இ.

---

இ. ஐயா, குறள் அருமை, மறுக்கவில்லை. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை ‘கடி’ என்றதும் பல்லைத்தான் நினைக்கும். உரையாசிரியர் பக்கத்தில் இல்லாமல் விளங்காத சொல்லைப் பாடத்தலைப்பில் வைக்க முடியாது. ‘தவிர்முறை’ போதாதா?
செ.

---

‘தவிர்முறை’ வினைத்தொகை. எதையோ தவிர்க்கும் முறை என்றும் பொருள்படுமே? கொல்களிறு என்றால் கொல்லும் களிறுதானே.
ம.

---

குடிநீர் குடிக்கிற நீரா, அம்மா? நாம் குடிப்பது. அந்த வரிசையில் இதையும் வைக்கலாம்.
செ.

---

எனக்கு ‘வழுவமைதி’ தோன்றியது. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பதுபோல, காரணத்தோடு ஏற்கும் வழு.
ந.

---

வேண்டாம், ந. ஐயா. அமைதி பெற்றுவிட்டால் அது குற்றமில்லை என்றாகிவிடும். இங்கே குற்றம் அப்படியே இருக்கிறது.
இ.

---

வியாழன் இரவாகிவிட்டது. தலைப்பு ‘தவிர்முறை’. அடியில் செ. கேட்டபடி காரணமும் கண்டெய்னர் விலக்கும் முழுப் பத்தியாக வரும். ம. அம்மாவுக்காகக் கட்டளையைத் தனிவரியில் நகலெடுக்கும்படி தராமல், விளக்கத்துக்குள்ளே வைத்திருக்கிறேன்.
ந.

---

கட்டளை எந்த வடிவில் வந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. சொல்லுக்கு மறுப்பில்லை.
ம.

---

எனக்குச் சொல்லில்தான் மறுப்பு. சொல்லடைவிலாவது ‘கடிவழக்கு’ இடம்பெறட்டும். ‘கரிப்பு’ பற்றிய உரைவேறுபாட்டைத் தனி மடலில் எழுதுகிறேன்.
இ.