அபராதப் பணத்தில் இழப்பீட்டு நிதி: இந்த விதியை எப்படித் திருத்துவது?

மாறன்:
வணக்கம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டு நிதி குறித்து எங்கள் குழு ஒரு பரிந்துரை எழுதிக்கொண்டிருக்கிறது. வரிப்பணத்தைத் தொடாமல், நீதிமன்றங்கள் விதிக்கும் அபராதத்தை மட்டுமே வைத்து நிதியை நடத்தலாம் என்பது எங்கள் எண்ணம். வரைவைப் படித்த மூத்த வழக்கறிஞர் ஒருவர் இந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்: "நிதியில் இருப்பு உள்ள அளவுக்கு இழப்பீடு வழங்கப்படும்." இதில் என்ன சிக்கல்?

கயல்விழி:
அவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். கத்திக்குத்துப் பட்டவரின் சிகிச்சைச் செலவு, வேறெங்கோ யாரோ அபராதம் கட்டினார்களா என்பதைப் பொறுத்து அமையும் என்கிறது அந்த வரி.

அமெரிக்காவில் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக 1984 சட்டப்படி அமைந்த கூட்டாட்சி நிதி, வரிப்பணத்தில் அல்லாமல் குற்ற அபராதங்களில்தான் பெரிதும் நடக்கிறது. பெருந்தொகை வந்ததெல்லாம் பெரிய நிறுவனங்கள் மீதான வழக்குகளில். தண்டனை வரை போகாமல் உடன்படிக்கையிலேயே வழக்கை முடிக்கும் போக்கு பெருகியதும், அந்தத் தொகை பொதுக் கருவூலத்துக்குப் போனது; நிதியின் வரவு சரிந்தது. 2021 ஜூலையில் சட்டத்தைத் திருத்தி அந்தப் பணத்தை நிதிக்குத் திருப்பினார்கள். பாதிக்கப்பட்டவர்களின் தேவை மட்டும் அதுவரை காத்திருக்குமா என்ன?

தணிகை:
அதற்காக அபராதப் பணத்தையே ஒதுக்கிவிட வேண்டாம், மாறன். ஸ்வீடனில் தண்டனை பெற்றவர்களிடம் வாங்கும் கட்டணம் தனி நிதிக்குப் போய், பாதிக்கப்பட்டோர் தொடர்பான ஆய்வுக்கும் சேவைகளுக்கும் பயன்படுகிறது. ஆளுக்கு ஆள் கொடுக்கும் இழப்பீட்டை அரசே கொடுக்கிறது. ஏறி இறங்கும் வரவை எதற்குப் பயன்படுத்துவது என்ற தெளிவு அதில் இருக்கிறது.

இன்னொன்று: வசூலைக் கூட்ட வேண்டும் என்று ஏழைக் குற்றவாளிகளை நெருக்காதீர்கள். கனடாவில் பாதிக்கப்பட்டோர் சேவைகளுக்காகக் குற்றவாளிகளிடம் தண்டனையோடு சேர்த்து வாங்கும் கூடுதல் கட்டணத்தை 2013இல் அனைவருக்கும் கட்டாயமாக்கினார்கள். கட்ட வழியில்லாதவர்களுக்கும் விலக்கு இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் அதைக் கொடுமையான தண்டனை என்று சொல்லி நீக்கியது.

மாறன்:
இருவருக்கும் நன்றி. இப்படி மாற்றினால் போதுமா? "தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் இழப்பீடு வழங்கப்படும், நிதியில் ஏற்படும் குறைவை அரசு ஈடுசெய்யும்." குற்றவாளியிடம் இருப்பதே கொஞ்சப் பணம் என்றால் அபராதமா, பாதிக்கப்பட்டவருக்கு நேரடி இழப்பீடா, எதை முதலில் வசூலிப்பது?

கயல்விழி:
இந்த வரியை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வசூலில் நேரடி இழப்பீடுதான் முதலில். இங்கிலாந்திலும் இரண்டையும் கட்ட வசதியில்லாதவரிடம் நீதிமன்றம் இழப்பீட்டுக்கே முன்னுரிமை தருகிறது. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் நிதியிலிருந்து இழப்பீடு உண்டு என்று தனி விதியாக எழுதுங்கள். வரைவில் அது இல்லையென்றால், ஆள் தெரியாத வழக்குகளில் சிக்கியவர்கள் மொத்தமாக விடுபட்டுப்போவார்கள்.