38 வயதில் மாதவிலக்கு நின்றுவிட்டது: மருத்துவர் காதுகொடுத்துக் கேட்க என்ன செய்ய வேண்டும்?

தங்கச்சிமடம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 38 வயதாகிறது. தங்கச்சிமடத்தில் வசிக்கிறேன், கடல்பாசி வளர்க்கும் மகளிர் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டேன். சென்ற ஆண்டு முழுவதும் மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்தது. தைப் பொங்கலுக்குப் பிறகு வரவேயில்லை. இப்போது ஆடி பிறந்துவிட்டது.

நெஞ்சிலிருந்து கிளம்பும் சூடு கழுத்து வழியாக முகத்துக்கு ஏறுகிறது, சில நிமிடங்களில் வேர்வையாகக் கொட்டுகிறது, பிறகு குளிரெடுக்கிறது. இரவில் இதனாலேயே விழித்துக்கொள்கிறேன். இதைச் சொன்னால், "இந்த ஊர் வெக்கையில் யாருக்குத்தான் வேர்க்காது?" என்று கேட்கிறார்கள். மார்கழியில் வாடைக்காற்று அடித்து வீட்டில் எல்லோரும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த இரவுகளிலும் எனக்கு மட்டும் தலையணை நனைந்தது என்று விளக்குவதற்குள் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

ஓரிடத்தில் இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் மனக்கவலை என்று தூக்க மாத்திரை எழுதினார்கள். நானாக வற்புறுத்திய பிறகே, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை இரத்தத்தில் அளக்கும் எஃப்.எஸ்.ஹெச். சோதனை எழுதித் தந்தார்கள். அது 58 என்று வந்தது. அதைப் பார்த்த மருத்துவர், "பிள்ளை பெற்று முடித்தாகிவிட்டது, இனி அது எதற்கு? நின்றது நல்லதுதானே" என்று சிரித்துக்கொண்டே காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். நின்றது நல்லதுதானா என்பதே என் கேள்வி. நல்லது இல்லையென்றால், அடுத்த முறை எதைச் சொல்லி, எதைக் கேட்டால் என்னைப் பொருட்படுத்துவார்கள்?

மண்டபம் செவிலியர் (பணி ஓய்வு)

தங்கைக்கு வணக்கம். 38 வயதில் எஃப்.எஸ்.ஹெச். 58 என்பது சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டிய முடிவு அன்று. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47 என்ற அளவில் இருக்கிறது. 45-க்கு முன் நின்றாலே சீக்கிரம்தான். 40-க்கு முன் என்றால் அதை வயதுக்குரிய மாற்றமாக மருத்துவம் கருதுவதில்லை, சினைப்பை முன்கூட்டியே செயல் குன்றிய நிலை என்று தனியாக எடுத்துப் பார்க்கிறது. நூறு பெண்களில் ஒருவருக்கு வரும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அண்மைக் கணிப்புகள் அதைவிடக் கூடுதலாகவே சொல்கின்றன.

பிள்ளை பெறுவதற்கு மட்டும் என்று நினைக்கப்படும், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் எலும்பின் உறுதியையும் இரத்தக் குழாய்களின் நலத்தையும் காக்கிறது. 48 வயதில் அது குறைவதற்கும் 38-லேயே குறைவதற்கும் இடையே பத்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பத்து ஆண்டுகளும் எலும்பு பாதுகாப்பில்லாமல் தேய்கிறது, இதயநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே நீங்கள் வேர்வைக்கு மருந்து கேட்டுப் போகவில்லை. இந்தப் பத்து ஆண்டுகளை என்ன செய்வது என்று கேட்கப் போகிறீர்கள். அப்படிக் கேட்டால் பேச்சு வேறு திசையில் போகும்.

போகும்போது ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதல் வரியில் வயதும், கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியும் இருக்க வேண்டும். அடுத்து, சூடு எந்தெந்த நேரத்தில் வருகிறது, இரவில் எத்தனை முறை எழுப்புகிறது என்ற குறிப்பு. இரண்டு வாரக் குறிப்பே போதும். கருத்தடை மாத்திரையோ வேறு ஹார்மோன் மருந்தோ எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள், ஏனென்றால் அவை சோதனை முடிவை மாற்றிவிடும். உங்கள் தாய்க்கு எந்த வயதில் நின்றது என்று கேட்டு எழுதுங்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்தாலும் கர்ப்பச் சோதனை ஒன்று எடுப்பார்கள். அதற்காக மனம் வருந்த வேண்டாம். தைராய்டு, புரோலாக்டின், எஸ்ட்ராடையால் ஆகியவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் வேறு காரணங்களை விலக்க இவை வேண்டும்.

இதைக் கொஞ்சம் விலகிச் சொல்கிறேன். பாம்பன் பக்கம் தீவுகளுக்குப் போய் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிறது என்பார்கள். உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்பதால் என்று அவர்களே காரணமும் சொல்லிவிடுவார்கள், நாமும் ஒரு கிருமிக்கொல்லி மாத்திரையோடு அனுப்பிவிடுவோம். அவர்களில் சிலருக்கு மாதவிலக்கு நின்று, பிறப்புறுப்பின் தோல் உலர்ந்து மெலிந்ததாலேயே அது திரும்பத் திரும்ப வந்தது. அதற்கு அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு. கேட்க வெட்கப்படுகிற பெண்ணுக்கும் கேட்க நேரமில்லாத மருத்துவருக்கும் நடுவில் இப்படிப் பல விஷயங்கள் விழுந்துவிடுகின்றன.

தொண்டிக்காரர்

சகோதரி, என் மனைவிக்கு 46 வயதில் இதே தொல்லை வந்தது. உளுந்தங்களியும், வெந்தயம் ஊறவைத்த நீரும், கறுப்பு எள்ளும் கொடுத்தோம். ஆறு மாதத்தில் சூடு குறைந்துவிட்டது. ஹார்மோன் மாத்திரை எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

கீழக்கரை லாத்தா

தங்கச்சி, எனக்கு 41-ல் தொடங்கியது. நோன்பு மாதம் முடிந்தால், மாதவிலக்கால் விட்டுப்போன நோன்புகளைக் களா வைக்க, அதாவது பிறகு ஈடுசெய்ய, நாள் பார்ப்பது வழக்கம். ஒரு வருடம் களா வைக்க ஒன்றுமே இல்லாமல் முப்பதும் பிடித்துவிட்டேன். அப்போதுதான் எத்தனை மாதமாக நின்றிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்ததால் மூத்த மகளை அழைத்துக்கொண்டு போனேன். நான் பேசியிருந்தால் முட்டுவலியில் தொடங்கி மாமியாரின் உடம்பு வரை போயிருப்பேன். மகள் தாளைப் பார்த்து நான்கு வரி வாசித்தாள்; டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கூட ஒருவரை அழைத்துப் போவது தைரியத்துக்கு மட்டும் இல்லை, அவர்கள் சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

என் மச்சியின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே படிக்கிற பலருக்கு அதுதான் நடந்திருக்கும். பெரும்பாடு (அதிக உதிரப்போக்கு) என்று போன அவருக்கு 36 வயதில் ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மறுவாரமே சூடும் தூக்கமின்மையும் தொடங்கி, வாய்விட்டு அழும் அளவுக்கு வந்தபோது, "ஆபரேஷன் உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவைத்தார்கள். பல வருடம் கழித்து வேறொரு டாக்டர் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் விஷயத்தைச் சொன்னார். கர்ப்பப்பை எடுத்தவர்கள் எல்லோரும் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து, சினைப்பை இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். சினைப்பையை விட்டுவைத்தாலும், கர்ப்பப்பை போன பிறகு அது சற்று முன்னதாகவே ஓய்ந்துவிடக்கூடும் என்று அந்த டாக்டர் சொன்னார்.

தொண்டிக் காக்கா சொன்ன உளுந்தங்களியை நானும் தின்கிறேன். உடம்புக்கு நல்லது, ருசியாகவும் இருக்கும். ஆனால் 46 வயதுக்காரருக்குச் சூடு தானாகக் குறைந்ததை வைத்து 38 வயதுக்காரருக்கு எலும்பு தேயாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

மகப்பேறு மருத்துவர், ராமநாதபுரம்

இந்த உரையாடலை ஒரு நோயாளி எனக்கு அனுப்பிவைத்தார். மருத்துவர்கள் கேட்பதில்லை என்ற குறையை மறுக்கவில்லை. வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. அசதி, வேர்வை, தூக்கமின்மை என்ற மூன்று சொற்களைக் கேட்டதும் இரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு ஆகியவையே எங்கள் மனத்தில் முதலில் வருகின்றன, ஏனென்றால் இந்தக் கரையோரத்தில் நாள்தோறும் பார்ப்பது அவற்றைத்தான். இரவு வேர்வையோடு காய்ச்சலும் இருமலும் எடைக்குறைவும் இருந்தால் காசநோயையும் பார்த்தாக வேண்டும். ஆகையால் செவிலியர் அம்மா சொன்னதுபோல் வயதும் கடைசித் தேதியும் முதல் வரியில் இருந்தால் எங்கள் சிந்தனை அங்கிருந்தே தொடங்கும்.

40 வயதுக்குக் கீழே உள்ள பெண்ணுக்கு மாதவிலக்கு நான்கு மாதமோ அதற்கு மேலோ ஒழுங்கு தவறியோ நின்றோ இருந்து, எஃப்.எஸ்.ஹெச். 25-க்கு மேல் இருந்தால் இந்த நிலையை உறுதி செய்யலாம். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பது முன்பிருந்த முறை. 2024-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், ஐயம் இருந்தால் மட்டும் இரண்டாவது முறை பார்த்தால் போதும் என்று மாற்றியது. 45 வயதைக் கடந்தவர்களுக்கு அறிகுறிகளே போதும், பெரும்பாலும் இரத்தச் சோதனை தேவைப்படாது.

புற்றுநோய் அச்சத்தைப் பற்றி. அந்த அச்சம் பெரும்பாலும் 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்விலிருந்து பரவியது. அதில் பங்கேற்றவர்கள் 50 முதல் 79 வயதுடையவர்கள், சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் கழிந்தவர்களுக்குப் புதிதாக ஹார்மோன் கொடுத்துப் பார்த்த முடிவை 38 வயதுப் பெண்ணுக்குப் பொருத்துவது சரியன்று. இவருக்கு நாம் கொடுப்பது, இந்த வயதில் உடலே சுரந்திருக்க வேண்டியதைத்தான். எனவே தடையேதும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயதாக வழிகாட்டுதல்கள் கொள்ளும் 50-ஐ ஒட்டி வரும் வரை ஹார்மோன் சிகிச்சை எடுக்கும்படியே அவை சொல்கின்றன. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக்கட்டு ஏற்பட்டவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு வழி வேறு. இவற்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கவே கூடாது. கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துப் புற்றாக மாறாதிருக்க புரோஜெஸ்டிரோன் சேர்த்தே கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்வதை நான் இதனால்தான் கடுமையாக எதிர்க்கிறேன். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோலில் தடவும் ஜெல்லும் உண்டு. இரத்தக்கட்டு அபாயம் அதில் குறைவு.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் ஒன்று தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். மதுரையில் எடுக்கலாம், 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு தீவிலிருந்தே மதுரைக்கு ரயில் ஓடுகிறது. மற்றச் சோதனைகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் தொடங்கலாம். ஒருவர் பொருட்படுத்தாவிட்டால், "இந்த வயதில் ஹார்மோன் சிகிச்சை வேண்டாம் என்று ஏன் முடிவு செய்கிறீர்கள், அதைச் சீட்டில் எழுதித் தருவீர்களா?" என்று பணிவாகக் கேளுங்கள். எழுத வேண்டும் என்றால் நாங்கள் மறுபடி யோசிப்போம். இதைச் சொன்னதற்காக என்னுடன் பணிபுரிபவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

தங்கச்சிமடம் வாசகி

செவிலியர் அக்காவுக்கும் லாத்தாவுக்கும் டாக்டர் அவர்களுக்கும் நன்றி. தாளை எழுதத் தொடங்கி, அம்மாவிடம் வயதைக் கேட்டேன். அம்மாவுக்கு வயது ஞாபகமில்லை. தனுஷ்கோடியைப் புயல் அழித்ததற்கு மறு வருடம் பிறந்தவர். "சுனாமி வந்தபோது எனக்கு நின்று போய் ஒரு வருடம் ஆகியிருந்தது" என்கிறார். கணக்குப் போட்டால் அவருக்கும் 38 வயதுதான் இருந்திருக்கும். யாரிடமும் சொல்லவில்லையாம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாசல்படியில் இலேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார். எனக்கு மணமாகாத தங்கை ஒருத்தி இருக்கிறாள், 27 வயது. என் மகளுக்கு 12. இவர்களுக்கும் இப்போதே சோதனை எடுக்க வேண்டுமா?

மண்டபம் செவிலியர் (பணி ஓய்வு)

அம்மாவின் கணக்கைத் தாளில் இரண்டாவது வரியாகவே எழுதுங்கள், மணிக்கட்டு முறிந்ததையும் சேர்த்து. அம்மாவுக்கும் எலும்பு அடர்த்திச் சோதனை தேவை. நீங்கள் மதுரைக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போகலாம்.

உங்களுக்குக் குரோமோசோம் சோதனையும், ஃப்ரஜைல் எக்ஸ் என்னும் மரபணுச் சோதனையும் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குடும்பத்தில் இருவருக்கு வந்திருப்பதால் அந்தக் கேள்விக்கு இப்போது வலு கூடியிருக்கிறது. அதில் ஏதாவது தெரிந்தால் தங்கைக்கு என்ன செய்வது என்று அவர்களே சொல்வார்கள். மற்றபடி, மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண்ணுக்கு அது எந்த வயதில் நிற்கும் என்று முன்கூட்டியே நம்பிக்கையாகச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி, சினைப்பையில் முட்டை இருப்பை மதிப்பிடும் ஏ.எம்.ஹெச். இரத்தச் சோதனைக்குப் பணம் வாங்குபவர்களை நம்ப வேண்டாம். தங்கைக்குத் தேவைப்படுவது செய்திதான். திருமணத்தையோ பிள்ளைப்பேற்றையோ தள்ளிப்போட நினைத்தால் இந்தக் குடும்ப வரலாற்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும், மாதவிலக்கு தள்ளத் தொடங்கினால் காத்திராமல் உடனே காட்டட்டும். மகளுக்கு இப்போது ஒன்றும் வேண்டாம்; பாலும் கேழ்வரகும் நெத்திலியும் நன்றாகச் சாப்பிட்டு, ஓடி விளையாடினால் போதும்.