ஆப்பிரிக்க எருமை வேட்டைக்கு எந்த ஸ்கோப்?

கேள்வி: .375 எச் அண்ட் எச் (பெரிய விலங்குகளுக்கான தோட்டா வகை) துப்பாக்கியுடன், உரிய அனுமதி பெற்று, ஆப்பிரிக்க எருமை வேட்டைக்குச் செல்லவிருக்கிறேன். என்னிடமுள்ள, 3-9 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் (துப்பாக்கியில் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) போதுமா, 1-4 மடங்கு வாங்க வேண்டுமா?

மறுமொழி 1: 1-4 தான். பெரும்பாலும் 100 மீட்டருக்குள், புதர்களுக்கிடையே சுட நேரும் என்பதால், இரு கண்களையும் திறந்தபடி குறிபார்க்க முடிவதும், பாய்ந்து வரும் விலங்கு பார்வையிலிருந்து நழுவாதிருப்பதும் உருப்பெருக்கத்தைவிட முக்கியமானவை.

மறுமொழி 2: உடன்படுகிறேன். ஆனால் சுடும்போது இந்தத் துப்பாக்கியின் பின்னுதைப்பு கடுமையானது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 9 செ.மீ. இடைவெளியாவது இல்லையென்றால் புருவம் கிழியும். அந்திவெளிச்சத்தில் கரிய உடலின்மேல் கறுப்புக் குறிக்கோடுகள் மறைந்துவிடுவதால், ஒளிரும் மையப்புள்ளியும் தேவை.

கேட்டவர்: நன்றி. ஸ்கோப் வழியில் பழுதானால்?

மறுமொழி 1: விரைவாகக் கழற்றக்கூடிய மவுண்டில் (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் பாகம்) பொருத்துங்கள். காயம்பட்ட எருமையை அடர்புதரில் தொடரும்போது, பலர் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு துப்பாக்கியிலேயே உள்ள, கண்ணாடியில்லாத இரும்புக் குறியையே நம்புகிறார்கள். மீண்டும் மாட்டியபின் குறி பிசகவில்லை என்பதைப் புறப்படுமுன் சுட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.