ஜீவனாம்ச பாக்கி: இத்தனை வருடம் கழித்துக் கேட்க முடியுமா?

தோழிகளே, ஒரு விவரம் வேண்டும். 2016-ல் குடும்ப நீதிமன்றம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் என் மகளுக்கு அவள் அப்பா மாதம் 4,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. பாஸ்புக்கில் ஏழு வரவுதான். ஏழாவது வெறும் 1,500. அப்புறம் ஆள் திருப்பூர் போய் நம்பரையும் மாற்றிவிட்டார். தையல் மெஷினோடு ஓடிக்கொண்டிருந்த எனக்குக் கோர்ட்டுக்கு அலையத் தெம்பில்லை.

மகள் இப்போது பிளஸ் டூ. பாக்கிக்கு வாரண்ட் கேட்பதென்றால், தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டுமாம். ஆனால் 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், ஜீவனாம்ச உத்தரவை சிவில் கோர்ட்டின் பணத் தீர்ப்பாணை (பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பு) போலவும் நிறைவேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழியில் பழைய பாக்கியை வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? அவர் வேலை செய்யும் பனியன் கம்பெனி போன மாதம்தான் தெரிந்தது (புது பைக்கும் வாங்கியிருக்கிறாராம்). சம்பள ஜப்திக்கு என்னென்ன காகிதம் வேண்டும்? உத்தரவு நகல் பீரோவில் இருக்கிறது, ஓரத்தில் டீக்கறையோடு.